லோயர் ஆர்ம் போல்ட்: எவ்வளவு டார்க், கார் எந்த நிலையில் இருக்கும்போது?

கேள்வி இதுதான்: "என் சின்ன ஹேட்ச்பேக் காரில் முன்பக்க லோயர் ஆர்ம் இரண்டையும் வீட்டிலேயே மாற்றப் போகிறேன். போன முறை வெளியில் கொடுத்து மாற்றியதில் ஒரு வருடத்துக்குள் புஷ் கிழிந்துவிட்டது. டார்க் ரெஞ்ச் வாங்கித்தான் ஆக வேண்டுமா, கை அளவில் இறுக்கினால் போதாதா? எந்த போல்ட்டுக்கு எவ்வளவு?"

டார்க் ரெஞ்ச், அதாவது போல்ட்டைத் திருப்பும் முறுக்கு விசையை (டார்க்) அளந்து இறுக்கும் ரெஞ்ச், வேண்டும். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு (சப்ஃப்ரேம்) இணைக்கும் கீழ்க் கை, அது சட்டத்தில் மாட்டும் இடத்திலுள்ள ரப்பர் வைத்த உருளைதான் புஷ். ஆனால் புஷ் அவ்வளவு சீக்கிரம் கிழிந்ததற்கு டார்க் கூடியதோ குறைந்ததோ காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கியிருப்பார்கள் என்பது என் சந்தேகம். வேலை சீக்கிரம் முடியும் என்பதால் பல ஒர்க்‌ஷாப்களில் அப்படித்தான் நடக்கிறது. எத்தனை நியூட்டன் மீட்டர் (டார்க்கின் அலகு) என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தவறினால் எவ்வளவு விலையுயர்ந்த ரெஞ்ச் வைத்திருந்தாலும் பயனில்லை.

புது ஆர்ம் வந்ததும் அதன் முன் புஷ்ஷைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெளியே ஒரு இரும்பு வளையம், நடுவில் தடித்த இரும்புக் குழாய், இரண்டுக்கும் இடையில் ரப்பர். அந்த ரப்பர் வளையத்தோடும் குழாயோடும் ஒட்டியே வார்க்கப்பட்டது. நடுக்குழாய் பேரிங் மாதிரி தனியாகச் சுழலாது. சில புஷ்களில் குழாயின் இரு முனைகளிலும் சின்னச் சின்னப் பற்கள்கூட வெட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கும்போது சப்ஃப்ரேமின் இரண்டு தகடுகளும் நெருங்கிவந்து அந்தக் குழாயைக் கவ்விக்கொள்ளும். அதற்கு மேல் குழாய் இம்மியும் அசையக் கூடாது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஆர்ம் திரும்புகிற அளவு முழுவதையும் ரப்பர் முறுக்கிக்கொடுத்துத்தான் சமாளிக்கிறது.

ஆக, எந்த நிலையில் போல்ட்டை இறுக்குகிறோமோ அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஆர்மின் நீளம் 33 சென்டிமீட்டர், கார் தரையில் நிற்கும் நிலைக்கும் சக்கரம் தொங்கும் நிலைக்கும் உயர வித்தியாசம் 9 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆர்ம் சுமார் 15 டிகிரி திரும்பியிருக்கும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டுக் காரை இறக்கினால், வண்டி வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதே ரப்பர் அந்த 15 டிகிரி முறுக்கில்தான் இருக்கும். பிழிந்த துணியைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருப்பது மாதிரி. அதற்கு மேல் ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஏறினால் முறுக்கு இன்னும் கூடும். ரப்பர் குழாயோடு ஒட்டியிருக்கும் ஓரத்தில் முதலில் மெல்லிய வெடிப்பு விடும், பிறகு பிரியும். வண்டியின் முன்பக்கம் ஒரு சென்டிமீட்டர் தூக்கலாக நிற்பதும் சில சமயம் இதனால்தான். புது ஆர்ம் போட்டதால் வண்டி நன்றாக நிமிர்ந்திருக்கிறது என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு!

அதனால் காரைத் தூக்குவதற்கு முன்பே, சமதளத்தில் நிற்கும்போது, சக்கரத்தின் நட்ட நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து ஒரு காகிதத்தில் எழுதுங்கள். இடது, வலது இரண்டும். 37 சென்டிமீட்டர் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இனி உங்களுக்கு இந்த அளவுதான் வழிகாட்டி. டயர் கழற்றினாலும் ஹப்பின் நடுப்புள்ளி அங்கேயேதான் இருக்கும், அதிலிருந்து அளக்கலாம்.

ஆர்மைப் பொருத்தி எல்லா போல்ட்டையும் கையால் ஓடவிட்டு, ஸ்பேனரால் லேசாகத் தொட்டு நிறுத்துங்கள். ஆர்ம் தாராளமாக மேலும் கீழும் ஆட வேண்டும். இந்தக் கட்டத்தில் லிங்க் ராடை (ஸ்டேபிலைசர் பாரோடு சேர்க்கும் சின்னக் கம்பி) மாட்ட வேண்டாம், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டேபிலைசர் பார் குறுக்கே எதிர்ப்பு கொடுக்கும். இப்போது இரண்டாவது ஜாக்கியை, மேலே ஒரு மரத்துண்டு வைத்து, ஆர்மின் வெளி முனையில் கொடுங்கள். அங்கே இருக்கும் பால் ஜாயிண்டின் (உருண்டை மூட்டு) ரப்பர் பூட் மேல் படாமல், அதை ஒட்டிய தகட்டில். மெதுவாக ஏற்றுங்கள். ஸ்பிரிங் அமுங்க அமுங்க அளவு 46, 43, 40 என்று குறைந்துகொண்டே வரும். 37 வருகிற இடத்தில், வண்டியின் அந்த மூலை ஸ்டாண்டை விட்டு மயிரிழை எழும்பலாமா என்று பார்க்கும். அந்த மூலையின் மொத்த எடையும் ஸ்பிரிங்குக்குப் போய்விட்டது என்பதற்கு அது அடையாளம். அங்கே நிறுத்திவிட்டு இறுக்குங்கள். ஸ்டாண்டை விட்டு மேலே எழும்ப விடாதீர்கள்.

இன்னொரு வழி எனக்கு இதைவிடப் பிடிக்கும். சக்கரத்தை மாட்டி, டயருக்கு அடியில் அகலமான கட்டைப் பலகைகளை அடுக்கி, அதன் மேல் காரை இறக்கிவிடுவது. இரண்டு பக்கமும் ஒரே உயரம். பம்பரைப் பிடித்து மூன்று நான்கு முறை அமுக்கி விட்டால் சஸ்பென்ஷன் தன் இடத்துக்கு வந்து நிற்கும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பினால் பல கார்களில் முன் புஷ் போல்ட்டுக்கு ரெஞ்ச் போக இடம் கிடைக்கும். பலகை மேல் நின்றாலும் ஸ்டாண்டுகளை எடுத்துவிட வேண்டாம், பாடிக்கு அடியில் நெருக்கமாக நிற்கட்டும்.

ஸ்டாண்டு என்றதும் ஒன்று. வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும்தான். ஹாலோ பிளாக், செங்கல் எல்லாம் மேலே பாரம் இருக்கும்போது எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டு வாங்குங்கள், பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்துக் காரின் ஓரத்துக்கு அடியில் தள்ளிவிடுங்கள். இந்த வேலையில் போல்ட்டை அசைக்க உடம்பு பலம் முழுவதையும் போட்டு இழுப்பீர்கள், வண்டி ஆடும்.

எல்லா போல்ட்டுக்கும் இந்த உயரக் கணக்கு தேவையில்லை. போல்ட் எந்த அச்சில் போகிறதோ அதே அச்சில் ஆர்ம் திரும்பி, நடுவில் ஒட்டிய ரப்பர் இருந்தால் மட்டும் தேவை. லோயர் ஆர்மின் முன் புஷ், பின்பக்க டார்ஷன் பீமின் (இரண்டு பின் சக்கரங்களையும் சேர்க்கும் குறுக்குச் சட்டம்) முன் புஷ்கள், ஷாக் அப்சார்பரின் கீழ்க் கண்ணில் இருக்கும் புஷ், இவையெல்லாம் அந்த ரகம். ஸ்விஃப்ட், கிராண்ட் ஐ10 மாதிரி கார்களில் முன்னால் மெக்பெர்சன் ஸ்டரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் என்பதால் பட்டியல் இத்தோடு கிட்டத்தட்ட முடிந்தது. பால் ஜாயிண்ட், ஸ்டரட்டை நக்கிளோடு (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் பாகம்) சேர்க்கும் இரண்டு போல்ட், ஸ்டரட் மேலே பாடியோடு சேரும் நட்டுகள், சப்ஃப்ரேம் போல்ட், இவற்றைத் தொங்கும் நிலையிலேயே இறுக்கலாம். லிங்க் ராடை மட்டும் இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்கும்போது மாட்டினால் மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

சரி, டார்க்குக்கு வருவோம்.

போல்ட்டை இறுக்கும்போது உண்மையில் நமக்கு வேண்டியது அது கொஞ்சம் நீள்வது. நீண்ட எஃகு திரும்பச் சுருங்கப் பார்க்கும், அந்த இழுப்புதான் தகடுகளைக் கவ்வ வைக்கிறது. அந்த நீட்சியை வீட்டில் நேராக அளக்க முடியாது என்பதால் முறுக்கும் விசையை அளந்து திருப்தி அடைகிறோம். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நாம் கொடுக்கும் டார்க்கில் சுமார் பாதி போல்ட் தலைக்கு அடியிலான உராய்வில் போய்விடும், 40 சதவீதம் போல மரையின் உராய்வில் போகும், மிச்சம் சுமார் 10 சதவீதம்தான் போல்ட்டை நீட்டுகிறது. உராய்வில் சின்ன மாற்றம் வந்தாலும் அந்த 10 சதவீதம் தாறுமாறாக மாறும். துருப்பிடித்த மரையில் ரெஞ்ச் "டக்" என்று சொல்லிவிடும், ஆனால் போல்ட் சரியாக நீண்டிருக்காது. அதே போல்ட்டுக்கு கிரீஸ் தடவி அதே அளவில் இறுக்கினால் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக நீண்டுவிடும், சில சமயம் திரும்பச் சுருங்க முடியாத எல்லைக்கே போய்விடும்.

அதனால் மேனுவல் தனியாகச் சொல்லாதவரை மரைக்கு எண்ணெயும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம். பழைய போல்ட்டைத் திரும்பப் போடுவதானால் கம்பி பிரஷால் தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, கையால் கடைசி வரை ஓடுகிறதா என்று பாருங்கள். கழற்றும்போது அடித்த துரு நீக்கும் ஸ்பிரே உள்ளே நட்டு மரையில் ஊறிக்கிடக்கும், அதையும் துடைக்க மறக்கக் கூடாது.

எவ்வளவு என்பதற்கு உங்கள் காரின், உங்கள் வருட மாடலின் சர்வீஸ் மேனுவல் மட்டுமே ஆதாரம். வண்டியோடு வரும் கையேட்டில் பெரும்பாலும் சக்கர நட்டுக்கான அளவு மட்டும்தான் இருக்கும். சஸ்பென்ஷனுக்குரியது ஒர்க்‌ஷாப் மேனுவலில் இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பாகம் வாங்கும்போதே கேட்டால் சிலர் பக்கத்தைக் காட்டுவார்கள். கிடைக்கிற அளவு நம்பும்படி இருக்கிறதா என்று சோதிக்க ஒரு குத்துமதிப்பு சொல்கிறேன். போல்ட் தலையில் 8.8 (வலிமைத் தரம்) என்று பொறித்திருந்தால், உலர்ந்த 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 45 முதல் 50 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 80 முதல் 85, 14 மில்லிமீட்டருக்கு 130 பக்கம். 10.9 என்று இருந்தால் இவற்றைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம். இங்கே மில்லிமீட்டர் என்பது மரையின் தடிமன். 17 ஸ்பேனர் போகிறது என்பதற்காக 17 மில்லிமீட்டர் போல்ட் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். இது சரிபார்ப்பதற்கு மட்டுமே, இதை வைத்து இறுக்கக் கூடாது.

அலகைக் கவனியுங்கள். ஜப்பானிய வழி மேனுவல்களில் ஒரே வரியில் நியூட்டன் மீட்டர், கிலோகிராம் மீட்டர், அடி பவுண்டு மூன்றும் இருக்கும். 1 கிலோகிராம் மீட்டர் என்பது 9.8 நியூட்டன் மீட்டர். 1 அடி பவுண்டு என்பது 1.36 நியூட்டன் மீட்டர். அமெரிக்க வீடியோவில் ஒருவர் "70" என்று சொல்வதைக் கேட்டு நியூட்டன் மீட்டரில் 70 வைத்தால், வேண்டியதில் முக்கால் பங்குதான் இறுகும். குழாய் வழுக்கும், பிரேக் பிடிக்கும்போது "கடக்" என்று சத்தம் வரும், நாளடைவில் சப்ஃப்ரேமின் ஓட்டையே நீள்வட்டமாகிவிடும். அளவை மீறிப் போனால் வேறு தொல்லை. பல கார்களில் இந்த போல்ட்டுக்கான நட்டு சப்ஃப்ரேமுக்கு உள்ளே வெல்ட் செய்து வைத்திருக்கும். அந்த நட்டு மரை போனாலோ, வெல்ட் விட்டு உள்ளேயே சுற்ற ஆரம்பித்தாலோ, ஆர்மைவிடப் பல மடங்கு செலவு.

ஜெர்மன் வழிக் கார்கள் என்றால் "70 நியூட்டன் மீட்டர் + 90 டிகிரி" என்கிற மாதிரி எழுதியிருக்கும். முதலில் ரெஞ்சால் 70 வரை இறுக்கி, பிறகு டார்க் அளவைப் பார்க்காமல் கால் சுற்று திருப்ப வேண்டும். உராய்வின் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான் இந்த ஏற்பாடு. கால் சுற்றுக்கு எவ்வளவு நீளும் என்பதை மரையின் இடைவெளியே முடிவு செய்துவிடுகிறது. போல்ட் தலையிலும் பக்கத்துத் தகட்டிலும் சேர்த்துப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் 90 டிகிரியைக் கண்ணாலேயே பார்க்கலாம். இப்படி இறுக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் ஒருமுறை பயன்பாட்டுக்கு மட்டும். புதிதாக வாங்கித்தான் போட வேண்டும்.

ரெஞ்ச் வாங்குவதானால் அரை இஞ்ச் டிரைவ், 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை போகும் "டக்" சொல்லும் வகை ஒன்று போதும். லோயர் ஆர்ம், ஸ்டரட், சக்கர நட்டு எல்லாம் அதற்குள் அடங்கும். எந்த ரெஞ்சும் தன் அளவின் அடிமட்டத்தில் நம்பகமாக இருக்காது, 200 வரை போகும் ரெஞ்சில் 25 வைத்து இறுக்க நினைக்க வேண்டாம். பிடியின் நடுவில் ஒரு கையால் பிடித்து, வெட்டி இழுக்காமல், ஒரே சீராக இழுங்கள். முதல் "டக்"கில் நிறுத்த வேண்டும். உறுதிப்படுத்துகிறேன் என்று இன்னும் இரண்டு முறை "டக் டக்" என்று இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போகிறார்கள். போல்ட்டைக் கழற்றுவதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள், அதற்கு நீளமான பவர் பார் இருக்கிறது. வேலை முடிந்ததும் குறைந்தபட்ச அளவுக்கு இறக்கி வைத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளராது.

ரெஞ்ச் சரியாகச் சொல்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று போதும். நிரம்பிய கேனை லக்கேஜ் தராசில் தொங்கவிட்டால் 20.7 கிலோ போலக் காட்டும். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் அசையாமல் பிடித்து, ரெஞ்சைப் படுக்கைவாட்டில் நிறுத்தி, பிடியின் நடுக்கோட்டில், அதாவது சதுர முனையிலிருந்து 48 சென்டிமீட்டரில், கயிறு போட்டுக் கேனைத் தொங்கவிடுங்கள். 20.7 × 9.8 × 0.48 என்றால் 97 சொச்சம். ரெஞ்சின் சொந்த எடை இரண்டு மூன்று சேர்க்கும், ஆகச் சுமார் 100 நியூட்டன் மீட்டர். ரெஞ்சை 92இல் வைத்தால் கேனைக் கையிலிருந்து மெதுவாக விட்டதும் "டக்" வர வேண்டும், 108இல் வைத்தால் வரக் கூடாது. நல்ல ரெஞ்சுகளுக்கே 4 சதவீதம் கூடக்குறைய அனுமதி உண்டு, அதனால் 100இல் துல்லியமாக நிற்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டால் ரெஞ்ச் இல்லாமலும் ஒப்பேற்றலாம். 100 நியூட்டன் மீட்டர் என்பது 50 சென்டிமீட்டர் நீளக் கம்பியின் முனையில் 20.4 கிலோ இழுப்பு. பவர் பாரின் முனையில் லக்கேஜ் தராசைக் கொக்கி போட்டு, கம்பிக்கு நேர் செங்குத்தாக, தராசில் அந்த அளவு காட்டும் வரை இழுங்கள். கோணம் சாய்ந்தால் கணக்கு தப்பும். அவசரத்துக்கு இது பரவாயில்லை. வெறும் கை அளவு மட்டும் வேண்டாம். 25 சென்டிமீட்டர் ஸ்பேனரில் அதே 100ஐ எட்ட 40 கிலோ இழுக்க வேண்டும், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அவ்வளவு இழுக்கிறோமா இல்லையா என்று கைக்குத் தெரியாது.

நேர் எக்ஸ்டென்ஷன் ராடு போடுவதால் அளவு மாறாது. ஆனால் சாக்கெட் போகாத இடத்தில் ரெஞ்ச் முனையில் திறந்த வாய் ஸ்பேனர் அடாப்டர் போட்டு நீளத்தைக் கூட்டினால் அளவைக் குறைத்து வைக்க வேண்டும். ரெஞ்ச் 45 சென்டிமீட்டர், அடாப்டர் 5 சென்டிமீட்டர் என்றால் 100க்குப் பதில் 90.

இனி உங்கள் வேலையில் வரும் மற்ற இணைப்புகள். பால் ஜாயிண்ட் தண்டு நக்கிளுக்குள் போய், குறுக்கே ஒரு போல்ட் கவ்வுகிற அமைப்பாக இருந்தால், தண்டில் ஒரு பள்ளம் இருக்கும், போல்ட் அந்தப் பள்ளம் வழியாகத்தான் போக முடியும். போல்ட் நுழைய மறுத்தால் சுத்தியல் எடுக்காதீர்கள். தண்டு இன்னும் முழுசாக உட்காரவில்லை என்று அர்த்தம். கூம்பு வடிவத் தண்டும், மேலே கோட்டை மதில் போல வெட்டிய நட்டும் என்றால், கூம்பை உலர்வாகத் துடைத்துவிட்டு, மேனுவல் சொல்லும் வரம்பில் குறைந்த அளவுக்கு முதலில் இறுக்குங்கள். நட்டு சுழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னுக்கான ஓட்டை நேராக வரவில்லையென்றால் இறுக்கும் பக்கமாகவே மேலும் திருப்பி நேராக்க வேண்டும், ஒருபோதும் தளர்த்தி அல்ல. ஸ்பிளிட் பின் எப்போதும் புதிதாகத்தான் போட வேண்டும்.

ஸ்டரட் போல்ட்டுகளில் பலவற்றின் தலைக்கு அடியில் பற்கள் வெட்டியிருக்கும், அவை ஓட்டையில் கடித்து நிற்பதற்காக. அங்கே போல்ட்டைப் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் சுற்ற வேண்டும். ஆர்ம் மாற்ற இந்த இரண்டையும் பொதுவாகக் கழற்றத் தேவையில்லை. கழற்ற நேர்ந்தால் முதலில் பெயின்ட் பேனாவால் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்த ஓட்டைகளின் சிறு ஆட்டமே கேம்பரை (சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வு) மாற்றிவிடும். பானெட்டைத் திறந்தால் ஸ்டரட்டின் நட்ட நடுவில் தெரியும் பெரிய நட்டை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள். அமுங்கிய காயில் ஸ்பிரிங்கை அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் போடாமல் அதைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து.

நைலான் வளையம் வைத்த நட்டுகளைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம், கையால் சுற்றும்போதே கடைசி வரை சுலபமாக ஓடினால் அதன் பிடிப்பு போய்விட்டது. போல்ட்டின் கழுத்து மெலிந்திருந்தாலோ, புது போல்ட்டோடு மரைக்கு மரை வைத்துப் பார்த்தால் பொருந்தாமல் இடைவெளி தெரிந்தாலோ அதையும் தூக்கிப் போடுங்கள்.

இறுக்கி முடித்த ஒவ்வொன்றிலும் போல்ட்டையும் தகட்டையும் சேர்த்துப் பெயின்ட் கோடு போடுங்கள். எது முடிந்தது, எது பாக்கி என்ற குழப்பம் இருக்காது. ஒரு வாரம் ஓட்டிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், கோடு உடையாமல் இருந்தால் போல்ட் நகரவில்லை. திரும்ப ரெஞ்ச் போட்டுச் சோதிக்க வேண்டியதில்லை, கோண முறையில் இறுக்கியவற்றை அப்படிச் சோதிக்கவே கூடாது. சக்கர நட்டுகள் வேறு விஷயம். அவற்றை எதிரெதிராக மாற்றி மாற்றி, சின்னக் கார்களில் வழக்கமாக 85 முதல் 110க்குள் வரும் உங்கள் கையேட்டு அளவுக்கு இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். பிறகு வீல் அலைன்மெண்ட். அதைச் செய்யும் இடத்தில் ஆர்ம் போல்ட்டைத் தளர்த்த வேண்டும் என்று யாராவது சொன்னால், எதற்கு என்று கேளுங்கள். இந்த வகைக் கார்களில் டோவைச் (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்வது, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் டை ராடில்தான்.